நாவ் காத்ரினேத்தாவில் எது அசல் வரி? போர்த்துகலின் பழைய கதைப்பாடல்களைக் கேட்கும் வழி

என்னிடம் வந்த கேள்விகள் இரண்டு. போர்த்துகலின் கப்பல் கதைப்பாடலான 'நாவ் காத்ரினேத்தா'வின் வரிகள் தேடிய இடமெல்லாம் வேறு வேறாக இருக்கின்றனவே, எது அசல்? நகரப் பாட்டு வகையான ஃபாடோ தவிர, போர்த்துகலின் பழைய பாட்டுகளைக் கேட்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தெரிந்துவிட்டால் இரண்டாவதில் பாதி தானாகத் தீரும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

அசல் என்று ஒன்று கிடையாது. போர்த்துகலில் கதைப்பாடலுக்கு 'ரொமான்ஸ்' என்று பெயர். காதல் கதையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இடைக்காலத்தின் கடைசி நூற்றாண்டுகளில் ஐபீரியத் தீபகற்பம் முழுக்கப் பரவிய வடிவம் இது. ஸ்பெயினின் காஸ்டீலியாவில் பாடியதையே எல்லைக்கு இந்தப் பக்கம் போர்த்துகீசிய மொழியில் பாடினார்கள். வாய்வழியாகவே வந்ததால் ஒவ்வொரு ஊரும் ஒரு வடிவம் வைத்திருக்கிறது. இணையத்தில் நீங்கள் பார்க்கும் வரிகளில் பெரும்பாலானவை அல்மெய்தா காரெட் அச்சிட்டதிலிருந்தோ, அதைச் சுருக்கிய பள்ளிப் பாடநூல்களிலிருந்தோ வந்தவை.

காரெட் எப்படி வேலை செய்தார் என்று தெரிந்தால்தான் அந்த வரிகளை எவ்வளவு நம்பலாம் என்று புரியும். அவர் கவிஞர், நாடகாசிரியர், அரசியல் காரணங்களால் நாடு கடந்து வாழ்ந்தவர். சிறுவயதில் வீட்டு வேலைக்காரப் பெண்களிடம் கேட்ட பாட்டுகள் அவர் மனதில் நின்றன. அவற்றில் ஒன்றான 'சில்வானின்யா'வைத் தன் நடையில் மாற்றி எழுதி 1828-இல் லண்டனில் 'அதொசிண்டா' என்ற பெயரில் வெளியிட்டார். பிறகு 'ரொமான்செய்ரோ' தொகுப்பின் முதல் பாகம் 1843-இலும், அடுத்த இரண்டு பாகங்கள் 1851-இலும் வந்தன. கையில் இருந்த பல வடிவங்களில் நல்லதென்று பட்ட வரிகளை எடுத்துச் சேர்த்து, இடைவெளி இருந்த இடத்தில் தானே தைத்து, மொழியையும் சற்று மெருகேற்றினார். அந்தக் காலத்து ரசனைப்படி அது குற்றமில்லை. ஆனால் அப்படியே எந்தக் கிராமத்திலும் யாரும் பாடியிருக்கமாட்டார்கள். 1870-இல் அல்கார்வே பகுதிப் பாடல்களை வெளியிட்ட எஸ்தாசியோ த வெய்கா இன்னும் தாராளமாகக் கை வைத்தவர். அவருடைய வரிகளை மேற்கோளாக எடுக்கும்போது இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். லெயிட்டே த வாஸ்கொன்செலோஸ் சேகரித்து, அவர் இறந்த பிறகு 1958, 1960-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது நம்பகமானது. சேகரித்த ஊர் அதில் இருக்கும், வரி உடைந்திருந்தால் உடைந்தபடியே இருக்கும். அழகு குறைவுதான், ஆனால் அதுதான் சான்று.

அடுத்து யாப்பு. இதைப் பிடித்துக்கொண்டால் எந்த வரி பழையது, எது ஒட்டு என்று ஓரளவு நீங்களே சொல்லிவிடலாம். ஒரு நீண்ட அடி, நடுவே ஒரு நிறுத்தம், இரு பாதிக்கும் ஏழேழு அசை. இங்கே அசை என்பது நம் நேர், நிரை அல்ல; ஓர் உயிரொலிக்கு ஒன்று என்ற எண்ணிக்கை. பாதியின் கடைசி அழுத்தம் விழும் அசையோடு எண்ணிக்கையை நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பின் வருவது கணக்கில் இல்லை. ஸ்பானியர்கள் பின்னால் வரும் அசையையும் சேர்த்து எட்டு என்பார்கள். ஒரே அடியை ஒரு புத்தகம் ஏழசை என்றும் இன்னொன்று எட்டசை என்றும் சொல்வது இதனால்தான், வேறு மர்மமில்லை.

'பெலா இன்ஃபாந்தா' (அழகிய இளவரசி) பாட்டின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் தோட்டத்தில் அமர்ந்து பொன் சீப்பால் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது பாதியடி: நு–செவ்–ஜர்–திம்–அ–சென்–தா–(த). ஏழாவதான 'தா'வில் அழுத்தம், கடைசி 'த' கணக்கில் இல்லை. நான்காவது: செவ்ஷ்–க–பே–லுஷ்–பென்–தி–ஆ–(வ). மறுபடி ஏழு. இயைபைப் பாருங்கள்: 'அசென்தாத', 'பென்தியாவ'. மெய்யெழுத்துகள் வேறு, உயிர்கள் மட்டும் ஆ–அ என்று ஒத்துப்போகின்றன. எதுகை மோனைக்குப் பழகிய நம் காது முதலில் இதைத் தவறவிடும், காரணம் இங்கே அடியின் தொடக்கத்தில் எதுவும் இல்லை. இரட்டைப்படைப் பாதிகளின் முடிவில் வரும் உயிரொலியை மட்டும் கவனித்துக்கொண்டே போனால் போதும்.

அப்படிப் போனால் இந்தப் பாட்டில் ஓரிடத்தில் இயைபு மாறுவது தெரியும். கடலில் வரும் கப்பற்படையின் தலைவனிடம் அவள் தன் கணவனைப் பற்றி விசாரிக்கிறாள். அவன் போரில் இறந்துவிட்டான் என்கிறான். உயிரோடு கொண்டுவந்து தந்தால் என்ன தருவாய் என்ற பேரம் தொடங்கும்போது ஆ–அ போய் 'இ' ஒலி வந்துவிடுகிறது. அவள் தரத் தயாராகும் பொருள்களில் மூன்று ஆலைகள் உண்டு. காரெட் அச்சிட்ட வடிவில் ஒன்று கிராம்பும் பட்டையும் அரைக்கிறது, இன்னொன்று எள் அரைக்கிறது. அந்த மாவை அரசனே தனக்கென்று ஆசைப்படுவான் என்று பெருமை வேறு. அடுத்து மூன்று மகள்கள்: ஒருத்தி உனக்குக் காலணி மாட்ட, ஒருத்தி உடை உடுத்த, எல்லாரிலும் அழகானவள் உன்னோடு படுக்க. அவன் எதையும் ஏற்காமல் அவளையே கேட்கிறான். இவனைக் குதிரை வாலில் கட்டி இழுங்கள் என்று அவள் ஆட்களைக் கூப்பிடும்போது, ஏழு கல் பதித்த மோதிரத்தின் பாதியை அவன் எடுத்துக் காட்டுகிறான். அவன்தான் கணவன். பல வடிவங்களில் அத்தோடு பாட்டு முடிந்துவிடுகிறது. அவள் அழுதாளா, சிரித்தாளா, ஒரு வரி கிடையாது. நடுவில் தொடங்குவது, பேச்சிலேயே கதை நகர்வது, சட்டென்று அறுந்து நிற்பது ஆகிய மூன்றும் இந்த வகையின் அடையாளம். காட்சி வருணனையும் நீதியும் நீளமாக வரும் வடிவைப் பார்த்தால் யாரோ எழுத்துக்காரர் கை வைத்திருக்கிறார் என்று சந்தேகப்படலாம்.

இயைபு மாறும் இடம் எப்போதும் ஒட்டுத்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தேடத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். பாடுபவர் ஒரு பாட்டின் முடிவை மறந்தால் இன்னொன்றின் முடிவைக் கொண்டுவந்து பொருத்துவார். காதலர் இருவரின் கல்லறையிலிருந்தும் மரங்கள் முளைத்துக் கிளையோடு கிளை பின்னிக்கொள்ளும் முடிவு 'கோந்தி நீலு' பாட்டுக்குரியது; சாவில் முடியும் வேறு கதைகளின் வாலிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது 'நாவ் காத்ரினேத்தா'. எல்லா வடிவிலும் நிற்பவை சிலவே. கப்பல் கடலில் திசை கெட்டு நெடுநாள் அலைகிறது. காரெட்டில் ஓராண்டும் ஒரு நாளும் கடந்தது, பல கிராம வடிவங்களில் ஏழாண்டும் ஒரு நாளும். உணவு தீர்ந்து காலணித் தோலை ஊறப்போடுகிறார்கள், அது கடிக்க முடியாத அளவுக்கு இறுகிக் கிடக்கிறது. யாரைக் கொன்று தின்பது என்று சீட்டுப் போட, சீட்டு தலைவன் மேலேயே விழுகிறது. ஒரு மாலுமியைப் பாய்மரத்தின் மேல் ஏறிப் பார்க்கச் சொல்கிறான். முதலில் உருவிய ஏழு வாள்கள் தெரிகின்றன, பிறகு கரை, ஓர் ஆரஞ்சு மரம், அதன் அடியில் மூன்று பெண்கள். ஒருத்தி தைக்கிறாள், ஒருத்தி நூல் நூற்கிறாள், நடுவில் இருக்கும் அழகி அழுகிறாள். மூவரும் என் மகள்கள் என்கிறான் தலைவன்.

இதுவரை பெரிதாக மாற்றமில்லை. வடிவங்கள் பிரிவது முடிவில்தான். காரெட் அச்சிட்டதில், தலைவன் பரிசாகத் தருவதாகச் சொல்லும் மகளையும் பணத்தையும் குதிரையையும் கப்பலையும் மாலுமி மறுத்து, தலைவனின் ஆன்மாவைக் கேட்கிறான், வந்தவன் பேய். தலைவன் அவனைச் சபித்துக் கடலில் குதிக்க, ஒரு தேவதை தாங்கிக்கொள்கிறது, பேய் வெடிக்கிறது, இரவுக்குள் கப்பல் கரை சேர்கிறது. இன்னொரு வடிவில் பேயும் இல்லை, தேவதையும் இல்லை. மாலுமி கப்பலையே கேட்கிறான். அது போர்த்துகல் அரசனுடையது, அவரிடமே கேள் என்கிறான் தலைவன். ஒரே பாட்டு ஓரிடத்தில் ஆன்மாவைப் பற்றிய கதை, இன்னோரிடத்தில் யாருடைய சொத்து என்ற பேரம். 'எது அசல்' என்று கேட்டால் இந்த வேறுபாடே கண்ணில் படாது. இந்த ஊர் எந்த முடிவை வைத்துக்கொண்டது என்று கேளுங்கள்.

இந்தப் பாட்டு 1565-இல் ஜோர்ஜ் த அல்புகெர்க் கொயெல்யு பிரேசிலின் பெர்னாம்புகோவிலிருந்து லிஸ்பனுக்குத் திரும்பிய துயரப் பயணத்தைப் பற்றியது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். புயல், கொள்ளையர், பட்டினி எல்லாம் அந்தப் பயணத்தில் உண்டுதான். ஆனால் கப்பலில் பட்டினி, சீட்டுப் போட்டு ஆளைத் தேர்வது என்ற கதை பிரெஞ்சுக் கடல் பாட்டுகளிலும் இருக்கிறது. சம்பவம் பாட்டைத் தூண்டியிருக்கலாம், அல்லது ஏற்கெனவே இருந்த பாட்டு சம்பவத்தோடு ஒட்டியிருக்கலாம். உறுதி என்று எழுதுபவர்களை நம்ப வேண்டாம்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க எளிய வழி உண்டு. வெவ்வேறு பகுதிகளிலிருந்து மூன்று வடிவம் எடுங்கள். வடகிழக்கே ட்ராஸ்–உஷ்–மோன்தெஷ், தெற்கே அல்கார்வே, தீவுகளில் அசோர்ஸ் அல்லது மதெய்ரா என்றால் நல்லது. மதெய்ராவுக்கு 1880-இல் வந்த ஆல்வரு ரொத்ரிகெஸ் த அசெவெதுவின் தொகுப்பு இருக்கிறது, அசோர்ஸுக்கு தெயோஃபிலு ப்ராகாவின் 1869 தொகுப்பு. சம்பவங்களை வரிசைப்படுத்தி மூன்று பத்தியாக எழுதுங்கள். பிறகு சொல் மாறாமல் வரும் அடிகளைக் கோடிடுங்கள், கடைசியாக இயைபு உடையும் இடங்களைக் குறியுங்கள். பலர் செய்யும் தவறு, பெயர்களை வைத்து ஒப்பிடுவது. பெயர்தான் முதலில் தேய்வது. ஆண் வேடமிட்டுப் போருக்குப் போகும் பெண்ணின் பாட்டில் அவள் ஓரிடத்தில் கோந்தி தாருஷ், ஓரிடத்தில் தொம் மார்த்தின்யு, இன்னோரிடத்தில் தொம் பராவ். மாறாதது இளவரசனின் புலம்பல்: அந்தப் போர்வீரனின் கண்கள் பெண்ணின் கண்கள், ஆணுடையவை அல்ல. அதைத் தொடர்ந்து வரும் சோதனைகளும் மாறுவதில்லை. சந்தைக்குக் கூட்டிப் போனால் அவள் நாடாவைப் பார்க்காமல் ஆயுதத்தைப் பார்க்கிறாள், நீராட அழைத்தால் வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்ததென்று தப்பிக்கிறாள்.

மெட்டைப் பொறுத்தவரை சொல்ல அதிகமில்லை. ஒரு சிறிய மெட்டு இரண்டு அல்லது நான்கு பாதியடிகளுக்கு. கதை முடியும்வரை அதுவே திரும்பும். சொல்லும் மெட்டும் தனித்தனியாகப் பயணிப்பவை, அதனால் தெரிந்த கதையைத் தெரியாத மெட்டில் கேட்டால் வியக்க வேண்டாம். பாடுபவர்கள் நடிப்பதில்லை. மோதிரத்தைக் காட்டும் இடத்திலும் குரல் ஏறாது. மேடைப் பாடகர்கள் அங்கே உருகுவதுதான் பாட்டைக் கெடுக்கிறது. இன்னொன்று: பேச்சில் போர்த்துகீசியர் அழுத்தமில்லாத உயிர்களை விழுங்கிவிடுவார்கள், பாட்டில் அவை திரும்பி வரும். 'ர்'இல் முடியும் சொல்லுக்குப் பின் ஒரு சிறு உயிரைச் சேர்த்து 'மார்' என்பதை 'மாரி' என்று நீட்டும் கிராமப் பாடகர்கள் பலர். பதிவைக் கேட்டு வரிகளை எழுதும்போது அதை வேறு சொல்லென்று எழுதிவிடாதீர்கள்.

கதைப்பாடலை எங்கே பாடினார்கள் என்பதற்கு நல்ல விடை வடகிழக்கு மூலையான ட்ராஸ்–உஷ்–மோன்தெஷில் இருக்கிறது. கோதுமையைப் போன்ற தானியமான ரையை அறுக்கும்போது, குனிந்த முதுகோடு, இரண்டு அணியாக மாறி மாறிப் பாடினார்கள். நீளமான கதையும் சலிக்காத ஒரே மெட்டும் அந்த வேலைக்கு வசதி. கை அரிவாள் போய் இயந்திரம் வந்ததும் பாட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. பிற்காலச் சேகரிப்பாளர்களுக்கு இவை பெரும்பாலும் மூதாட்டிகளின் நினைவிலிருந்தே கிடைத்தன.

இனி கதையில்லாத பாட்டுகள். எண்ணிக்கையில் இவைதான் அதிகம். அடிப்படை அலகு 'குவாத்ரா': ஏழசையில் நான்கு அடி, இரண்டாவதும் நான்காவதும் இயையும். ஒவ்வொன்றும் தனித்து நிற்பது. இது தெரியாமல் ஒரு பதிவில் வரும் ஆறு குவாத்ராக்களையும் தொடர்கதையாக மொழிபெயர்த்து, பொருள் ஓடவில்லையே என்று குழம்புபவர்கள் நிறைய. பாடுபவர் அந்த நேரத்துக்கு நினைவில் வந்ததை எடுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். மின்யு பகுதியில் பொத்தான் அக்கார்டியனோடு இருவர் குவாத்ராவிலேயே ஒருவரை ஒருவர் சீண்டிப் போட்டி போடுவார்கள். புத்தாண்டை ஒட்டி வீடு வீடாகப் போய்ப் பாடும் 'ஜனெய்ராஷ்' பாட்டுகளும் குவாத்ராதான்: முதலில் அனுமதி, பிறகு வீட்டாருக்குப் புகழ், அப்புறம் தொத்திறைச்சியும் ஒயினும் கேட்பது. கொடுத்தால் நன்றி. கதவு திறக்காவிட்டால் வசை: இந்த வீட்டில் பன்றிக்கொழுப்பு நாறுகிறது, இங்கே செத்தவன் எவனோ குடியிருக்கிறான்.

தெற்கே அலென்தெஜுவில் வேறு உலகம். அங்கே 'காந்தி' எனப்படும் கூட்டுப்பாட்டு, வாத்தியமே இல்லாமல். 'போந்து' என்பவர் தாழ்ந்த குரலில் தனியாகத் தொடங்குவார். 'ஆல்து' என்பவர் மூன்றாம் சுர இடைவெளி மேலே அதே மெட்டைப் பிடித்து அலங்காரங்களோடு பாடுவார். பிறகு முழுக் குழுவும் சேரும். ஆல்துவின் குரல் மட்டும் எல்லாருக்கும் மேலே தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். புதிதாகக் கேட்பவர்கள் இதை மெதுவான, ஒரே மாதிரியான பாட்டென்று விட்டுவிடுகிறார்கள். ஆல்து உள்ளே வரும் அந்த ஒரு நொடியை மட்டும் குறிவைத்துக் கேளுங்கள், மீதி தானாகத் திறக்கும். யுனெஸ்கோ பட்டியலில் இது 2014-இல் சேர்ந்தது, ஃபாடோவுக்கு மூன்றாண்டு கழித்து.

பாடகர் ஜொசே அஃபோன்சுவின் 'க்ராந்துலா, விலா மொரேனா' இந்த முறையில் கட்டியது. 1971-இல் வெளிவந்த பதிவில் சரளைக் கல்லில் நடக்கும் காலடிச் சத்தம் மட்டுமே தாளம். முதல் குவாத்ராவின் நான்கு அடிகளும் அடுத்ததில் தலைகீழ் வரிசையில் திரும்பும், கடைசி அடி முதலடியாக. 1974 ஏப்ரல் 25 அதிகாலை 12.20-க்கு ரேடியோ ரெனசென்சாவில் இது ஒலித்ததுதான் ராணுவப் புரட்சிக்கான இரண்டாவது சைகை. ஆக இது தெரிந்த ஆசிரியர் எழுதிய பாட்டு, நாட்டுப்பாடல் அல்ல. வடிவம் மட்டும் அங்கிருந்து வந்தது.

பெய்ரா பய்ஷாவில், மொன்சாந்து, பென்யா கார்சியா ஊர்களின் பக்கம், பெண்கள் 'அதூஃப்' தட்டிப் பாடுகிறார்கள். சதுரச் சட்டம், ஏறக்குறைய 45 செ.மீ. பக்கம், இருபுறமும் தோல், ஓரத்தில் தைத்தது, உள்ளே விதைகளோ சிறு மணிகளோ போட்டுச் சலசலக்க வைத்தது. இரு கட்டை விரலும் வலது ஆள்காட்டி விரலும் பிடிக்க, மற்ற விரல்கள் தட்டும். உள்ளங்கையால் ஓங்கி அறைவது புதியவர்கள் செய்யும் பிழை. விதைகளின் சத்தம் மேளத்தை மூடிவிடும். ஈரக் காற்றில் தோல் தொய்ந்து ஒலி செத்துப்போகும், அப்போது வெயிலிலோ தீயிலிருந்து தள்ளியோ காட்டி இறுக்கலாம். அருகில் கொண்டுபோனால் தையலோரம் கிழியும்.

பதிவுகளுக்கு வருவோம். 1930-களிலிருந்து சர்வாதிகாரி சலாசரின் ஆட்சி நாட்டுப்புறக் கலையைத் தன் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியது. 1938-இல் 'மிகப் போர்த்துகீசியமான கிராமம்' என்ற போட்டி நடத்தி, மொன்சாந்துவுக்கு வெள்ளிச் சேவலைப் பரிசளித்தது. ஒரே சீருடை, புன்னகை, சீராக்கிய நடனம் என்று நாட்டுப்புறக் குழுக்கள் பெருகியது அந்தக் காலத்தில். அந்த வகைப் பதிவுகள் சுற்றுலாக் கடைகளில் நிறையக் கிடைக்கும், தொடங்குவதற்கு அவை வேண்டாம். கோர்சிகாவில் பிறந்து 1959-இல் போர்த்துகலுக்கு வந்த மிஷேல் ஜியகோமெத்தி, இசையமைப்பாளர் ஃபெர்னாந்து லோபெஷ்–க்ராசாவோடு சேர்ந்து 1960 முதல் 1970 வரை சாக்குத் துணி உறை போட்ட ஐந்து இசைத்தட்டுகள் வெளியிட்டார். வயல், சமையலறை, தொட்டில் பக்கம் என்று பாட்டு இருந்த இடத்துக்கே கருவியை எடுத்துப் போனவர். முதல் தட்டு ட்ராஸ்–உஷ்–மோன்தெஷ். அங்கே தொடங்கி, பிறகு அலென்தெஜு தட்டுக்குப் போங்கள். இரண்டும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பது ஒரே மாலையில் காதுக்குத் தெரிந்துவிடும். 1970-களின் தொடக்கத்தில் தொலைக்காட்சியில் வந்த 'போவு கெ காந்த' தொடரில் பாடுபவர்களின் கைகளையும் பார்க்கலாம். அறுவடைப் பாட்டின் தாளம் ஏன் அப்படி இருக்கிறது என்பது அங்கே விளங்கும்.

தமிழ் பேசும் ஊரிலேயே இதன் ஒரு கிளை இருக்கிறது. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் போர்த்துகீசியம் கலந்த தங்கள் கிரியோல் மொழியில் பாடி ஆடும் பாட்டுகள் பெரும்பாலும் நான்கடிப் பாட்டுகளே. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் சேகரித்த கையெழுத்துப் படிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஆனால் போர்த்துகலின் கதைப்பாடல் அப்படியே அங்கே வாழ்கிறது என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வந்து சேர்ந்தது குவாத்ராவும் ஆட்டமும்.

வரிகள் தேடும்போது கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். பாட்டின் தலைப்பை வைத்துத் தேடினால் பாதி வடிவங்கள் அகப்படாது, ஒவ்வொரு சேகரிப்பாளரும் தனக்குத் தோன்றிய தலைப்பை வைத்திருப்பார். மாறாமல் வரும் ஓர் அடியை, அதாவது பெண்ணின் கண்கள் பற்றிய அடியையோ ஊறப்போட்ட தோல் பற்றிய அடியையோ, போர்த்துகீசியத்திலேயே தட்டித் தேடுங்கள். 1828 முதல் 1960 வரை அச்சான வடிவங்களைப் பேரே ஃபெரே தலைமையில் திரட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு கதைக்கு ஒரு தலைப்பின் கீழ் எல்லா வடிவமும் ஊர்ப் பெயரோடு கிடைக்கும். ஊர்ப் பெயரும் பாடியவர் குறிப்பும் இல்லாத வரிகள் கிடைத்தால், காரெட்டின் வாக்கியங்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவரிடமிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.